கொடி எழும்பி ஆள் போய்ச் சேருமுன்: பனி மீன்பிடிக்கு எந்த முள்?

உறைந்த ஏரியில் போட்ட பனித்துளைக்குள் இறக்கிய தூண்டிலில் மீன் உதட்டில் மாட்டுமா, தொண்டையில் மாட்டுமா? பெரும்பாலும் ஒரு விநாடிக் கணக்குதான் அதை முடிவு செய்கிறது. மீன் இரையை வாயில் எடுத்ததற்கும் உங்கள் கை தங்கூசியை, அதாவது தூண்டில் நூலைத் தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் போனது? கடையில் நின்று எந்த முள் நல்லது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் கேட்கிறார்கள். அதனால்தான் ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

தடி கையில் இருந்தால் அந்த இடைவெளி ஒன்றிரண்டு விநாடி. தடியைத் தாங்கியில் குத்திவிட்டுப் பக்கத்துத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்துப் பதினைந்து விநாடி. மீன் இழுத்ததும் கொடி எழும்பும் டிப்-அப் என்கிற கொடித் தூண்டிலைத் தள்ளி வைத்திருந்தால், கொடி எழும்பியதைக் கண்டு, கையுறையைத் தேடி, முழங்கால் பனியில் நடந்து போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகிவிடும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலான நீர்நிலைகளில் பனிக்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். இரண்டும் 60 மீற்றருக்குள்ளும் மறைப்பில்லாமல் கண் பார்வையிலும் இருக்க வேண்டும். சட்டம் 60 மீற்றர் வரை விடுகிறது, மீன் அவ்வளவு நேரம் பொறுத்திருக்காது. கொடித் தூண்டிலை 10, 15 மீற்றருக்குள் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். முள் தேர்வு அதற்கு அடுத்ததுதான்.

ஆழத்தில் மாட்டினால் என்ன கெடுதல் என்பதையும் பார்த்துவிடுவோம். மீனின் இதயம் செவுள்களுக்குச் சற்றுப் பின்னால், தொண்டையின் அடிப்புறத்தை ஒட்டி இருக்கிறது. இரைக்குழாயின் கீழ்ச் சுவரைத் துளைத்த முள்ளை இழுத்தால் அங்கேதான் கிழியும். செவுளில் சிவப்பாகத் தெரிகிற இழைகள் முழுக்க இரத்தக் குழாய்கள். அதில் ஒன்று அறுந்தாலும் இரத்தம் நிற்க நேரமாகும். பிடித்து உடனே வெட்டிச் சமைக்கப்போகும் பேர்ச் மீனுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் அளவுக்குச் சிறியது, எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது, தடைக்காலத்தில் இருக்கும் இனம் என்றால் திரும்ப விட்டே ஆகவேண்டும். பனிக்குக் கீழே நீந்திப் போன மீன் மறுநாள் செத்து அடியில் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது.

இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1994இல் வெளியான இரண்டு ஆய்வுகள் பனித்துளை வழியாகப் பிடித்த மீன்களையே எடுத்துக்கொண்டவை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் கன்ஃபிளின்ட் ஏரியில் லேக் ட்ரௌட் மீன்களைப் பிடித்து வைத்துப் பார்த்தபோது, கையால் ஆட்டிப் பிடித்தவற்றில் சுமார் பத்தில் ஒன்று செத்தது. இரையைத் தொங்கவிட்டுப் பிடித்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று செத்தது. விஸ்கொன்சினில் பைக் மீன்களை வைத்துச் செய்த இன்னொன்றில் முள்ளின் வகையே வித்தியாசத்தைக் காட்டியது. ஸ்வீடிஷ் முள் என்ற நீண்ட ஒற்றைக் கூர் முள்ளில் மாட்டியவற்றில் மூன்றில் ஒன்று செத்தது, மூன்று கூர் கொண்ட மும்முள்ளில் மாட்டியவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று கூர் என்றால் மூன்று மடங்கு கொடுமை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

தடி கையில் இருக்கும்போது

இதில் ஒப்பிட அதிகமில்லை. ஈயம் அல்லது டங்ஸ்டன் தலை கொண்ட முள்ளான ஜிக், அல்லது ஸ்பூன் என்ற உலோகத் தகட்டுப் போலி இரை. தங்கூசி எப்போதும் இறுக்கமாக இருப்பதால் மீன் உறிஞ்சியதும் தடி முனை சொல்லிவிடும். மணிக்கட்டைச் சற்று உயர்த்தினால் மேலுதட்டில் ஏறிவிடும்.

பிழை நடப்பது பேர்ச்சில்தான். குளிர் நீரில் பேர்ச் முட்டி மோதிக் கடிப்பதில்லை, இரையை மெல்ல உள்ளிழுத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். தடித்த முனையுள்ள தடியில் அது தெரியவே தெரியாது. 12, 14ஆம் எண் குட்டி ஜிக்கில் ஒரு புழுவைக் குத்தி இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், தூக்கும்போது தங்கூசி நேராகத் தொண்டைக்குள் போவதைப் பார்க்கலாம். (எண் கூடக் கூட முள் சிறிதாகும். 1-ஐத் தாண்டிய பிறகு 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். புதிதாக வாங்குபவர்கள் தவறுவது இங்கேதான்.) இதற்கு இரண்டு வழி. ஒன்று, தடி முனையில் மெல்லிய ஸ்பிரிங் முனை பொருத்துவது. மீன் இரையைத் தூக்கினாலே அது நிமிர்ந்து காட்டும். இரண்டாவது, முள்ளை ஓரிரு எண் பெரிதாக்குவது. சிறு மீன் இரை போட்டால் 8 அல்லது 6ஆம் எண் போதும். முள் பெரிதாக இருப்பதால் பேர்ச் கடிக்காமல் போகும் என்பது பெரும்பாலும் வீண் பயம். அதன் வாய் உடம்பின் அளவுக்குப் பார்த்தால் பெரியது.

ஸ்பூன்களில் வரும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுவதும் நல்ல மாற்றம். ஆனால் அதே எண்ணில் போட்டால் மீன் தப்பும். மும்முள்ளின் மூன்று கூர்களும் சேர்ந்து பிடிக்கிற அகலத்தை ஒற்றைக் கூர் தனியாகப் பிடிக்க வேண்டும். 10ஆம் எண் மும்முள் இருந்த இடத்துக்கு 6ஆம் எண் ஒற்றை முள் சரியாக வரும். மாட்டியபின் ஸ்பூனைத் தண்ணீரில் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். எடை மாறியதால் சில ஸ்பூன்கள் அசைவை இழந்துவிடும். அப்படியானால் முள்ளின் எண்ணை ஒன்று மாற்றிப் பார்க்கவேண்டும்.

தாங்கியில் குத்திய தடி

இரண்டாவது தூண்டிலைப் பெரும்பாலானோர் இப்படித்தான் வைக்கிறார்கள்: உயிருள்ள சிறுமீனைக் குத்தி, அடியிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிடுவது. வோலாய் மீனுக்கு இது அருமையான முறை, ஆழத்தில் மாட்டுவதற்கும் அதே அளவு அருமையான முறை.

இங்கே மூன்று முள் போட்டியில் இருக்கின்றன. ஆக்டபஸ் முள் என்று விற்கப்படும் குட்டைத் தண்டு முள் (4 முதல் 6ஆம் எண்), அபர்டீன் என்ற நீளத் தண்டு மெல்லிய கம்பி முள், பிறகு கூர் தண்டை நோக்கித் திரும்பிய வட்ட முள். ஆக்டபஸ் கச்சிதமானது, இரை இயல்பாக நீந்தும். அதனாலேயே எளிதாக விழுங்கப்படும். அபர்டீன் விழுங்கப்படுவதைத் தடுக்காது, ஆனால் விழுங்கிய பிறகு அதன் நீளத் தண்டு வாய்க்குள் எட்டிப் பிடிக்கக்கூடிய இடத்தில் நிற்கும். அதைத் தடுப்பு என்று எண்ணுவது தவறு. கழற்றும்போது பிடிக்க ஒரு கைப்பிடி கிடைக்கிறது, அவ்வளவுதான். பேர்ச்சுக்கு அதுவே போதும், கம்பி மெல்லிதாக இருப்பதால் இழுவைக்கு வளைந்தும் கொடுக்கும். வோலாய்க்கு வளையும் கம்பி வேண்டாம்.

வட்ட முள் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது: தடியைத் தூக்கி வெட்டி இழுக்கக்கூடாது. காலம் காலமாகப் பழகிய கைக்கு அது சிரமம். வெட்டி இழுத்தால் முள் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும், பிறகு முள்ளைத்தான் திட்டுவார்கள். பழக்கத்தை மாற்ற முடியாதவர்கள் வட்ட முள்ளை விட்டுவிட்டு, குட்டைத் தண்டு ஜிக்கைப் போட்டுத் தடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது மேல்.

கொடித் தூண்டில்: உண்மையான போட்டி இங்கேதான்

பைக்கும் லேக் ட்ரௌட்டும் பெரும்பாலும் கொடித் தூண்டிலில்தான் வருகின்றன. ஆழத்தில் மாட்டுவதும் இதில்தான் அதிகம். ஆகவே மூன்று வகையை இங்கே விரிவாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஸ்வீடிஷ் முள். நீண்ட தடித்த கம்பியை வளைத்துச் செய்தது. செத்த மீனின் உடம்புக்குள் நுழைத்துவிட்டால் இரை நீரில் கிடைமட்டமாக, உயிரோடு நிற்பதுபோலத் தொங்கும். பைக் அதை நம்பி எடுக்கும். பிரச்சினை என்னவென்றால் பைக் இரையை முதலில் குறுக்காகக் கவ்வும், கொஞ்ச தூரம் போகும், பிறகு நின்று தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். குறுக்காகக் கவ்வியிருக்கும்போது இழுத்தால் ஸ்வீடிஷ் முள்ளின் ஒற்றைக் கூர் வாய்ச்சதையில் பட வாய்ப்புக் குறைவு. எனவே முதல் ஓட்டம் நின்று இரண்டாவது ஓட்டம் தொடங்கும்வரை காத்திரு என்று பழையவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காத்திருப்பிலேயே முள் வயிற்றுக்குப் போய்விடுகிறது. விஸ்கொன்சின் கணக்கு இப்படித்தான் புரிகிறது. எல்லா மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்குப் பரவாயில்லை. ஒன்றைக்கூடத் திரும்ப விடவேண்டிய நிலை இருந்தால் இந்த முள்ளைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடலாம்.

இரண்டாவது, குவிக் ஸ்டிரைக் என்ற இரட்டை அமைப்பு. ஓர் உலோகக் கம்பி அல்லது தடித்த ஃபுளோரோகார்பன் தங்கூசியில் இரண்டு மும்முள்கள். ஒன்று முனையில், மற்றது அதற்கு மேலே 3, 4 அங்குலத்தில். ஒன்றின் ஒரு கூரை இரையின் முதுகுத் துடுப்புக்குப் பக்கத்திலும், மற்றதன் ஒரு கூரைத் தலைக்குச் சற்றுப் பின்னும் தோலுக்கடியில் மட்டும் குத்த வேண்டும். மிச்சக் கூர்கள் வெளியே நிற்கும். பைக் குறுக்காகக் கவ்வும்போதே கூர்கள் அதன் வாய்க்குள் இருக்கும். ஆகவே காத்திருக்க வேண்டியதில்லை. கொடியைக் கண்டதும் போய், தங்கூசி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, தொய்வை எடுத்து, ஒரே வீச்சில் இழுத்துவிடலாம்.

இரையின் அளவுக்கு முள்ளைப் பொருத்துவதில்தான் அதிகம் தவறுகிறது. 6 அங்குல இரைக்கு 6ஆம் எண் மும்முள் போதும், 8, 9 அங்குலத்துக்கு 4ஆம் எண். பெரிய முள்ளாகப் போட்டால் இரை செத்துத் தொங்கும். சிறியதாகப் போட்டு ஆழமாகக் குத்தினால் இழுக்கும்போது கூர் இரையிலேயே சிக்கிக்கொண்டு மீனுக்கு ஏறாது. குத்திய கூர் எளிதில் கிழிந்து வெளியே வரவேண்டும், அதுதான் அளவுகோல். இன்னொன்று: இந்த அமைப்பைப் போட்டுவிட்டுப் பழைய பழக்கத்தில் காத்திருந்தால், இரண்டு மும்முள்ளும் சேர்ந்து உள்ளே போகும். அதைவிட மோசமான நிலை வேறெதுவும் இல்லை. அமைப்பின் பெயரிலேயே அதன் விதி இருக்கிறது. கூடாரத்துக்குள் ஹீட்டர் பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருப்பவருக்கு இது பொருந்தாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் ஒரு தூண்டிலில் நான்கு முள் வரை அனுமதி உண்டு, வேறு மாகாணங்களிலும் அமெரிக்க மாநிலங்களிலும் கணக்கு வேறு.

மூன்றாவது, வட்ட முள். இதன் கூர் நேராக மேலே பார்க்காமல் தண்டை நோக்கித் திரும்பியிருக்கும். பார்க்கிறவருக்கு இது எதையும் குத்தாது என்றுதான் தோன்றும். மீன் விழுங்கினாலும், மெதுவாக இழுபடும்போது கூர் உள்ளே எதிலும் பதியாமல் வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் திரும்பித் தாடை மூலையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மெதுவான, தொடர்ந்த இழுவை வேண்டும். 2004இல் ஸ்டீவன் குக், கோரி சஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான ஜே வடிவ முள்ளோடு ஒப்பிட மொத்தத்தில் சாவு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆனால் இனத்துக்கு இனம் பலன் மாறியது. எல்லா மீனுக்கும் மந்திரம் போல வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் வட்ட முள் என்று எழுதியிருந்தாலும் ஒன்றை எடுத்து மேசையில் தட்டையாக வையுங்கள். கூரும் தண்டும் ஒரே தளத்தில் படிந்தால் சரி. கூர் பக்கவாட்டில் விலகி மேசையிலிருந்து தூக்கி நின்றால் அது சாய்வு முள். சாய்ந்த கூர் வழுக்கி வருவதற்குப் பதிலாக உள்ளேயே பதியும். வட்ட முள் வாங்கும் காரணமே அங்கே போய்விடுகிறது.

இரையைக் குத்தும்போது முள்ளின் கூருக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுவதும் வெறுமையாக இருக்க வேண்டும். மூக்கில் ஒரு குத்து, அல்லது முதுகுத் தோலில் மெல்லிய ஒரு குத்து. செத்த மீனைத் தடிமனாகக் கோர்த்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் தாடை உள்ளே நுழைய இடமிருக்காது, கொடி எழும்பும், தங்கூசி ஓடும், இழுத்தால் வெறும் முள் வரும். பைக்குக்கு 4/0 முதல் 6/0 வரை, லேக் ட்ரௌட்டுக்கு 1/0, 2/0 அளவு பொருந்தும்.

பனித்துளைக்கே உரிய குறையும் வட்ட முள்ளுக்கு உண்டு. படகிலிருந்தோ கரையிலிருந்தோ இழுக்கும்போது தங்கூசி சரிவாகப் போகும், முள் வாய் மூலைக்குத் திரும்ப வசதி. துளைக்கு நேர் கீழே நிற்கும் மீனை நேர் மேலே இழுத்தால் அந்தக் கோணம் கிடைக்காது. மீன் துளையை விட்டு விலகி ஓடிக்கொண்டிருக்கும்போது தங்கூசியை இரு விரலால் பிடித்து, தானாக இறுகவிட்டு, பிறகு கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும். ஓடாமல் நின்ற மீனாக இருந்தால் சற்று இறுக்கிக் காத்திருந்தால் பெரும்பாலும் மறுபடி நகரும்.

ஆக, கொடியைக் கண்டதும் அரை நிமிடத்துக்குள் போய்ச் சேர முடிகிறவருக்குப் பைக் மீனுக்கு இரட்டை மும்முள். தாமதமாகும் என்று தெரிந்தவருக்கும், பிள்ளைகளோடு போகிறவருக்கும் வட்ட முள். லேக் ட்ரௌட்டுக்கு எப்படியும் வட்ட முள். அதைவிட நல்லது, கொடித் தூண்டிலை மடித்து வைத்துவிட்டு குழாய் வடிவ மென்மையான போலி இரை கொண்ட வெள்ளை டியூப் ஜிக்கைக் கையால் ஆட்டுவது. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடாவின் ஆழங்களில் லேக் ட்ரௌட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

எதிர்க்கூரை நசுக்குவது

கூருக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை நசுக்கிவிட்டால் மீன் ஆழத்தில் மாட்டாது என்று சிலர் சொல்வார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எங்கே மாட்டுகிறது என்பதை அது மாற்றாது, எவ்வளவு சீக்கிரம் கழற்றுகிறோம் என்பதை மாற்றும். மைனஸ் 15 பாகையில் அந்தச் சில விநாடிகளுக்கு விலை அதிகம். ஈரமான செவுளும் கண்ணும் காற்றில் உறையத் தொடங்கிவிடும். கனடாவின் மனிரோபா மாகாணத்தில் எதிர்க்கூர் இல்லாத முள் சட்டப்படியே கட்டாயம்.

நசுக்கும் வேலையை வீட்டில் வைத்தே முடியுங்கள். கடுங்குளிரில் விரல் ஒத்துழைக்காது. நீள மூக்குக் குறட்டைக் கூரின் திசையிலேயே வைத்து மெல்ல அழுத்த வேண்டும், குறுக்காக வைத்து அழுத்தினால் கூரே முறியும். பிறகு பழைய பருத்தித் துணியில் குத்தி வெளியே இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் இன்னும் நசுங்கவில்லை. உயிர் இரை நழுவிப் போகிறதா? ரப்பர் வளையத்திலிருந்து கடுகளவு துண்டு வெட்டி, இரையைக் குத்தியபின் கூர் வழியாக ஏற்றிவிட்டால் தடுப்பாக நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு விழுங்கிவிட்டால்

வாயைத் திறந்து பார்க்கையில் முள்ளின் வளைவு தெரிந்தால் நீளக் குறட்டால் வளைவைப் பிடித்து, குத்திய வழியே பின்னோக்கித் திருப்பி எடுக்கலாம். தங்கூசி மட்டும் தொண்டைக்குள் போவது தெரிந்தால் எடுக்க முயலவே வேண்டாம். முள்ளின் காதுக்கு (தங்கூசி கட்டும் வளையத்துக்கு) எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாகத் தங்கூசியை வெட்டி, மீனை விட்டுவிடுங்கள். தோண்டி எடுத்த மீனைவிட முள்ளோடு விட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பல இனங்களில் பார்த்து உறுதியான விஷயம். பல மீன்கள் நாளடைவில் முள்ளைத் தாமே கழித்தும் விடுகின்றன. இதற்காகவே துருப்பிடிக்காத உருக்கு முள்களைத் தவிர்க்கலாம். சாதாரண வெண்கல நிற முள் உள்ளேயே அரிபட்டுப் போக இடம் உண்டு, துருப்பிடிக்காதது அப்படியே கிடக்கும். முள்ளின் விலை சில காசு.

வெட்டும் கருவி கைக்கெட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும், சறுக்குவண்டியின் அடிப்பெட்டியில் வேண்டாம். மீனைப் பனியில் கிடத்தாமல் துளையின் நீரிலேயே வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள், அல்லது ஏரித் தண்ணீர் நிரப்பிய வாளி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பைக்கின் வாயை விரித்துப் பிடிக்கும் கம்பியை வாங்கினால் நுனியில் ரப்பர் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கம்பி நுனி தாடைச் சவ்வைக் கிழிக்கும்.

பேர்ச்சிலும் வோலாயிலும் இன்னொரு கவனம் வேண்டும். 30 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தால் அவற்றின் காற்றுப்பை ஊதிப்போகும், வயிறு வாய் வழியாகத் துருத்தி நிற்கும். முள் உதட்டிலேயே மாட்டியிருந்தாலும் அந்த மீன் கீழே இறங்கத் திணறும். லேக் ட்ரௌட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, அது காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும். எனவே பேர்ச் பிடித்துச் சிறியவற்றைத் திரும்ப விட நினைப்பவர்கள், முள்ளை மாற்றுமுன் துளையை ஆழம் குறைந்த இடத்துக்கு மாற்றட்டும். சிம்கோ ஏரியின் குக்ஸ் குடா போன்ற ஆழமில்லாத இடங்களில் 8ஆம் எண் முள், நசுக்கிய எதிர்க்கூர், ஸ்பிரிங் முனைத் தடி ஒன்று போதும்.